ஆமைப் பாறையின் வயது

முகாம், மார்ச் 3

அன்புத் தம்பி,

நலம்தானே? நான் நலமென்று எழுதினால் நீ நம்பமாட்டாய். முழங்காலில் தோலே இல்லை. பாறைக்குள் கல்லாகிக் கிடந்த ஆமை முழுதாக வெளிப்பட்டுவிட்டது, கட்டில் அகலத்துக்கு. ஓடு விரிந்த இடத்தில் ஐந்து முட்டைகள் தெரிகின்றன. முட்டையிடப் போன வழியில் செத்திருக்கிறாள். நேற்றிலிருந்து ‘அது’ என்று எனக்கு வாயில் வருவதில்லை.

குவாரிக்காரர் மாதக் கடைசியில் வெடி வைக்கிறார். பெயர்த்தெடுக்க எனக்கு மூன்று மாதம் வேண்டும். பாறை பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் பழையது என்று உங்கள் ஆய்வகம் சொன்னால்தான் புதைபடிவப் பாதுகாப்புக் குழு வெடிக்குத் தடை போடுமாம். அவள் கிடக்கும் படிவிலிருந்தே எரிமலைச் சாம்பல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் பார், ராசா.

அக்கா


ஆய்வகம், மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சாம்பலிலிருந்து வயது சொல்லும் படிக மணிகள் பதினெட்டு கிடைத்தன. முதல் ஏழும் பன்னிரண்டு கோடி ஆண்டு என்றன. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். மீதிப் பதினொன்றும் ஆறு கோடிதான். தன்னுள் கிடக்கும் இளைய மணியைவிடப் பாறை பழையதாக இருக்க முடியாதே; பழைய ஏழும் வேறெங்கிருந்தோ வெள்ளத்தில் அடித்து வந்தவை. இரண்டு தடவை கருவியில் ஓட்டிப் பார்த்தேன், அதேதான். உனக்கு எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை.

தம்பி


முகாம், மார்ச் 19

தம்பி,

அந்தப் பதினொன்றை விட்டுவிடு. விரிசல் விட்ட மணிகள் என்று ஒதுக்கிவிடு. யார் வந்து எண்ணப்போகிறார்கள்? அந்த ஆய்வகத்தில் உன்னைச் சேர்த்துவிட்டவள் நான். சொல்லிக்காட்ட எழுதவில்லை. எழுதிவிட்டேன்.

அக்கா


ஆய்வகம், மார்ச் 25

அக்கா,

ஒரு விரிசலாவது இருக்காதா என்று பதினொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தன.

பதினெட்டையும் எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டேன். குழுவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கெஞ்சினேன். “எனக்கும் மனசு கேக்கலப்பா. ஆனா வந்த நம்பரத்தானே அனுப்ப முடியும்?” என்றார். சனிக்கிழமை வருகிறேன். இருக்கிற நாளில் முடிந்ததை இரண்டு பேருமாக வெட்டியெடுப்போம்.

தம்பி


முகாம், ஏப்ரல் 6

தம்பி,

நீ வந்த அன்று நான் கூடாரத்துக்குள்தான் இருந்தேன். இல்லை என்று ஆட்களைச் சொல்லச் சொன்னதே நான்தான். வெயிலில் நீ நின்றதையும் பார்த்தேன்.

குவாரிக்காரர் இரண்டு நாள் தள்ளிக் கொடுத்தார். “நான் என்னம்மா பண்ணட்டும், ஜல்லி தர்றதா கையெழுத்துப் போட்டாச்சு” என்று அவரும் தலை குனிந்துகொண்டார். அவள் தலையை எடுத்துவிட்டேன். ஐந்து முட்டைகளில் இரண்டையும். மற்றது ஜல்லியோடு லாரியில் போயிற்று.

நீ செய்தது சரி. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இதை எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். அப்படியும் உன் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்கக் கை வரவில்லை. நீ திரும்பிப் போன பிறகு வந்த இரண்டு கடிதங்களும் அப்படியே இருக்கின்றன.

கொஞ்ச நாள் எழுதாதே.

அக்கா