ஷெல் துண்டு இல்லை

07.06.2000, முள்ளியவளை

வீட்டோடு இருக்கும் சைக்கிள் கடையை மத்தியானமே பூட்டிவிட்டேன். கமலாசனிக்குக் காய்ச்சல் விடுவதாய் இல்லை. இடது மார்பில் இருந்த கட்டி சிவந்து, எண்ணெய் மாதிரி ஏதோ கசிகிறதாம். சொன்னது பக்கத்து வீட்டு இலட்சுமி அக்கா. கமலாசனி என்னிடம் காட்ட மாட்டாள். கலியாணம் கட்டி எட்டு வருடம். விளக்கை நூர்த்த பிறகுதான் சட்டை மாற்றுவாள். கிணற்றடிக்கும் விடியமுன்னமே போய்விடுவாள். அதை அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டவன் நான்.

09.06

டொக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஷெல் துண்டாத்தான் இருக்கும்" என்றார். 96இல் கிளிநொச்சியை விட்டு ஓடி வந்தபோது எங்களுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது உண்மை. இங்கே யாருக்கு எங்கே தடித்தாலும் ஷெல் துண்டுதான். எக்ஸ்ரே எடுக்கப் பிலிம் வேறு முடிந்துவிட்டதாம். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார். கமலாசனி தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றாள்.

28.06

போன வழியே திரும்பி வந்துவிட்டோம். ஓமந்தைப் பாதை பூட்டு. டிராக்டர் பெட்டியில் காட்டால் சுற்றிப் போனோம். சாவடியில் கடிதத்தைப் பார்த்ததும் ஆமிக்காரரின் முகம் மாறியது. ஷெல் காயமா? எங்கே சண்டை பிடித்தாய்? — இதுதான் முதல் கேள்வி. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? எங்களிடம் ஷெல் காயம் இல்லாத வீடு ஏது. அவர்களுக்கு அது இயக்கத்தின் அடையாளம். ஆமிக்காரி ஒருத்தி கமலாசனியை உள்ளே கொண்டுபோய் விசாரித்தாள்; பின்னேரம் திருப்பி அனுப்பினார்கள்.

29.06

குசினி அடுப்படியில் வைத்துச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, அது ஷெல் இல்லை."

89இல் ஜேர்மனி மாப்பிள்ளை ஒருவனுக்குப் பேசி, ஏஜென்சிக்காரன் அவளைப் பாங்கொக்கில் வைத்திருந்த கதை தெரியும். அந்த மாப்பிள்ளை இவளுடைய படத்தைப் பார்த்துவிட்டு, "பெட்டை நல்லா மெலிவு" என்றது தெரியாது. ஏஜென்சிக்காரனின் மனிசி ஒரு அழகுக் கடைக்குக் கூட்டிப்போய், இரண்டு மார்பிலும் சிலிக்கோன் ஊசி ஏற்றுவித்திருக்கிறாள். கரையவே கரையாது என்றார்களாம். கரையவில்லைதான். பிறகு பொலிசில் பிடிபட்டுத் திரும்பி வந்தாள். மாப்பிள்ளை வேறு கலியாணம் கட்டிவிட்டான்.

மகள் பிறந்தபோது பால் கட்டிக்கொண்டு அவள் துடித்ததற்கும் இதுதான் காரணமா?

எவனோ சொன்ன ஒரு சொல்லை இவ்வளவு காலமும் உடம்பில் சுமந்திருக்கிறாள். கடைக்குள் போய் இருந்தேன்.

30.06

ஆத்திரமாக் கிடக்கு. ஆரோட? அவளோடயா? ஊருக்குத் தெரிஞ்சால் என்ன செய்யிறது —

04.07

கமலாசனி டொக்டரிடம் உண்மையைச் சொல்லி வேறு கடிதம் வாங்கி வந்தாள். பாதை கடக்கிற பாஸுக்கு ஊர்க் கிராம சேவகர், ஜீ.எஸ். பொன்னையரிடம் போக வேண்டும். அவர் வாசித்தால் ஊரே வாசித்த மாதிரி. "ஷெல் எண்டே சொல்லிப் பார்ப்பம். இன்னொரு நாள் விடுவாங்கள்" என்றேன்.

"நான் செத்தாலும் பரவாயில்லை, உங்கட மரியாதை போகக் கூடாது. என்ன?"

அவள் இப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. மகள் சிவதர்சினி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

05.07

போனேன். பொன்னையர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கமலாசனிப் பிள்ளைக்கு நோ கடுமையோ, தம்பி?"

"ஓம், ஐயா."

பாஸுக்குக் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை மடித்துத் தந்தார். ஆனாலும் பின்னேரம் கடைக்குக் காற்றடிக்க வந்த இரண்டு பேர் தங்களுக்குள் சிரித்தார்கள். காற்றடித்து அனுப்பினேன்.

19.07

மகளை இலட்சுமி அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம். சாவடியில் அதே ஆமிக்காரி. மொழிபெயர்க்கிறவன் கேட்க, கமலாசனி தானே சொன்னாள், வரிசையில் நின்ற சனம் எல்லாம் கேட்க. நான் வாயைத் திறக்க முதலே சொல்லிவிட்டாள். ஆமிக்காரி அவளை மறைப்புக்குள் கூட்டிப்போனாள். வெளியே வந்ததும் வழி விட்டாள்.

24.07, வவுனியா

சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார்: "ஷெல் துண்டெண்டா எடுத்துப்போடலாம். இது சதையோட ஊறிப்போச்சு. கக்கத்துக்கும் இறங்கியிருக்கு. சதையோடதான் வெட்ட வேணும்." இடது மார்பு முழுதாகப் போய்விட்டது. முதல்தரமே உண்மையைச் சொல்லி வந்திருந்தால்? கேட்கவில்லை. பயம்.

25.07

மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி: "சிவதர்சினி சாப்பிட்டிருப்பாளோ?"

10.09, முள்ளியவளை

இடது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பவில்லை. வலது பக்கமும் தடிக்கத் தொடங்கிவிட்டது. மறுபடியும் பாஸ் எடுக்க வேண்டும்.

இன்று பகல் கடையில் வேலையாய் இருக்க, கிணற்றடியில் இருந்து கூப்பிட்டாள். நல்ல வெயில். குறுக்குக்கட்டோடு நிற்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் இலட்சுமி அக்கா உடுப்புக் காயப்போடும் சத்தம்.

"இஞ்சேருங்கோ, கையை எழுப்ப ஏலாமல் கிடக்கு. முழுக வார்த்துவிடுங்கோவன்."

எனக்கு முன்னால் கட்டைத் தளர்த்தினாள். தையல் அடையாளம் கக்கம் வரை போகிறது. முதல்முறையாகப் பார்க்கிறேன்.

"எரியுமோ?" என்று கேட்டேன்.

"பச்சைத் தண்ணிதானே. ஊத்துங்கோ."

வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன்.