தரையில் விழுந்த ஊசி

இன்று கீரனூர் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் கடைக்காரர் டியூபுக்குச் சூட்டு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வெந்த ரப்பர் வாடை பட்டதும் நம் வார்டில் குழாய் கொதித்த வாடை நினைவு வந்து அங்கேயே நின்றுவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை, சொல்லத் துப்பில்லாமல் இப்போது எழுதுகிறேன்.

நாம் இருவரும் நர்ஸாக இருந்த அந்தக் காலராக் கோடையில் நம் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்ற இருந்தவை இரண்டே ரப்பர் குழாய்கள். அதிலும் ஒன்று வெடித்துவிட்டது. நரம்பில் போடக்கூடிய ஊசியும் ஒன்றுதான். மற்றவை முனை மழுங்கியவை. ஒருவருக்கு ஏற்றிக் கழற்றியதை இருபது நிமிடம் கொதிக்க வைக்காமல் அடுத்தவருக்குப் போட விடமாட்டாய். "கொதிக்காம ஏத்துறதுக்கு ஏத்தாமலே இருக்கலாம்டி" என்பாய்.

ஒரு நாள் திருமயம் பக்கத்துக் கல் உடைக்கிறவள் ஒருத்தி, கண் குழிந்து, நாடி அகப்படாமல் கிடந்தாள். குழாயும் ஊசியும் அவளுக்காகத்தான் கொதித்து இறங்கியிருந்தன. அந்த நேரம் பார்த்து ஊர்ப் பெரிய மனிதர் வந்தார். நோய் ஒன்றும் இல்லை, கல்யாண வீட்டில் அலைந்த அசதி. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று யாரோ சொன்னார்களாம். வெற்றிலைச் சாற்றை வார்டு மூலையிலேயே துப்பிவிட்டு, சில்க் சட்டைக் கையை மடித்து நீட்டினார். அவருக்கே முதலில் ஏற்றச் சொல்லி டாக்டர் பல்லைக் காட்டினார்.

நீ இடுக்கியில் எடுத்த ஊசியை வேண்டுமென்றே நழுவவிட்டாய். "கீழ விழுந்துருச்சுங்க. திரும்பக் கொதிக்கணும், அரை மணி ஆகும்." அவ்வளவு நேரம் அவர் உட்காரமாட்டார், போய்விடுவார் என்று நினைத்தாய். நீ பார்த்த பார்வையிலேயே எனக்கு அது புரிந்துவிட்டது.

புரிந்தும், டாக்டர் முறைத்ததும் குனிந்து எடுத்தேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். த்தூ, நானும் ஒரு நர்ஸ்! பாட்டில் இறங்க ஒன்றரை மணி நேரம். பாயசத்தில் இனிப்புப் போதவில்லை என்று அவர் ஏப்பம் விட்டபடி குறை சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டிலில் கால்வாசி மிச்சமிருக்கும்போதே எதிர்க்கட்டிலில் கல் உடைக்கிறவளின் மூச்சு அடங்கிவிட்டது.

வெளியே காத்திருந்த அவள் புருஷனிடம், நர்ஸ் ஊசியைக் கீழே போட்டதால்தான் தாமதம் என்றார் டாக்டர். பெரிய மனிதருக்கு ஏற்றியதைச் சொல்லாமல் உன்னைக் கைகாட்டினார். எடுத்துக் கொடுத்தவள் என்று என்னையும் காட்டினார். அந்த மனுஷன் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து கும்பிட்டான்.

"நீங்களாச்சும் மனசு எரங்கி எடுத்தீங்களே, தாயி."

நீ பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாய். ஏன் எடுத்துக் கொடுத்தேன் என்று அதற்குப் பிறகு ஒரு நாள்கூட என்னைக் கேட்டதில்லை. நான் பதிலுக்கு அவனைக் கும்பிட்டேன். அதே கைகளால்தான் இன்றும் ஊசி போடுகிறேன்.