படியிலேயே நிற்பவள்

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடி போன் செய்தாள். கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரி; சோடாபுட்டிக் கண்ணாடியால் வந்த பட்டப்பெயர். இப்போது வாசகர் வட்டம் நடத்துகிறாள். இந்த மாதம் அந்தப் பழைய நவீனத்துவ நாவலாம். "நீதாண்டி பேசணும். அன்னைக்கு வகுப்புல அதைக் கிழி கிழின்னு கிழிச்சவளாச்சே."

கிழித்தவள்தான். கதையே இல்லை, முற்றுப்புள்ளிக்குக்கூடப் பஞ்சம் என்று பாதியில் மூடியவள். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். புத்தகத்துக்காக மட்டுமா? பாப்பா பிறந்த பிறகு என் தலைக்குள் பழைய ஆள் யாராவது மிச்சம் இருக்கிறாளா என்று தெரிய வேண்டும்.

மார்ச் 5

அவர் நூலகத்திலிருந்து எடுத்து வந்தார். ஒருத்தி மாடிப்படி ஏறுகிறாள், நடுவில் நிற்கிறாள், கீழே விளக்கை அணைத்தோமா என்று பக்கம் பக்கமாக யோசிக்கிறாள். அன்று சிரித்தேன். இன்று எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பால் கொடுக்கும்போது வாய்விட்டுப் படிக்கிறேன். பாப்பா அந்த ராகத்திலேயே தூங்கிவிடுகிறாள். அடையாளத்துக்குக் கையில் கிடைத்த அவள் சாக்ஸை வைத்தேன்.

மார்ச் 9

பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. மறுபடி தொட்டுப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 14

தினமும் படிக்கிறேன். அவள் இன்னும் படியில்தான். காலம் நகராததுதான் இந்த எழுத்தின் அழகு என்று கண்ணாடிக்குப் போனில் விளக்கினேன்.

"சரிதான். ஆனா மேல போனதும் அந்தச் சாவு வருதே, அது?"

எந்தச் சாவு?

மார்ச் 15

அத்தை கொடியிலிருந்து சாக்ஸை எடுத்துப் புத்தகத்துக்குள் செருகுவதைப் பார்த்தேன்.

"குழந்தை போடுறதை அழுக்குப் புத்தகத்துல வைப்பாங்களாம்மா? தினம் அலசிட்டுத் திரும்ப வச்சிடறேன்ல."

"எந்தப் பக்கத்துல அத்தை?"

"அதுவா விரியுற பக்கத்துலதான்."

புத்தகத்தின் முதுகு அங்கே உடைந்திருக்கிறது. முன்னால் எடுத்தவர்களெல்லாம் அந்தப் படி வரும் பக்கத்திலேயே கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள்.

அத்தைமேல் கோபமில்லை. ஒரே பக்கங்களை நாள் தவறாமல் படித்திருக்கிறேன், எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு வரிகூட முன்பே பார்த்ததாகத் தோணல. என்ன ஆச்சு எனக்கு? நாளைக்கு மருந்தையும் கொடுத்தேனா இல்லையான்னு தெரியாம ரெண்டு தரம் ஊத்திட்டா—

அவரிடம் சொன்னேன். "தூக்கமில்ல, அவ்வளவுதான். புக்குதானே, விடு."

புக்குதான்.

மார்ச் 21

வட்டத்துக்கு வரவில்லை என்று கண்ணாடிக்குச் செய்தி அனுப்பினேன். "பாப்பாதான் முக்கியம்" என்று பதில் வந்தது. வற்புறுத்துவாள் என்று நினைத்திருந்தேன். புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாக்ஸ் அதற்குள்ளேயே போய்விட்டது.

மார்ச் 23

பாப்பா பால் குடிக்காமல் அழுதாள். புத்தகம் படிக்கும் அந்தக் குரல் வேண்டுமாம். கையில் எதுவுமில்லாமல் ஆரம்பித்தேன்; வரி வரியாக வந்தது — படி, கைப்பிடி, கீழே விளக்கு. ஒரு சொல் தவறவில்லை. தூங்கிவிட்டாள்.

நிறுத்தினால் பாப்பா விழித்துவிடுவாளோ என்று நான் தொடர்ந்தேன். படியில் நிற்பவள் கால் தூக்கும் இடம் வந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.