எனக்காக மன்றாடிய வகுப்பு

வெள்ளவத்தை
16.06.1997

அன்பு மகள் தர்மினிக்கு,

அப்பா நல்ல சுகம், அங்கை குளிருக்கை நீயும் மருமகனும் நோய்நொடியில்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுறன். சுகம் எண்டு எழுதிப்போட்டன், ஆனால் மூண்டு நாளாய் ஒரு இடத்திலை இருக்க முடியேல்லை, தெஹிவளை மட்டும் நடந்துபோய்த் திரும்பி வாறன். சென்றியிலை நிக்கிற ஆமிக்காரன் நேற்று எங்கை போறாய் எண்டு சிங்களத்திலை கேட்டான், எனக்கே தெரியேல்லை. விசயம் உன்ரை தங்கச்சியைப் பற்றி. பயப்படாதை, உடம்புக்கு ஒண்டுமில்லை. வியாழக்கிழமை கொட்டாஞ்சேனையிலை இருந்து அம்மா ரெலிபோன் எடுத்தவ, கோட்டிலை விவாகரத்துத் தீர்ந்தபிறகு அவவாய் எடுத்தது இதுதான் முதல்தரம். தங்கச்சி வகுப்பிலை ஸமீமா எண்ட பிள்ளையின்ரை கையிலை கொம்பாஸாலை குத்திப்போட்டாளாம், பள்ளிக்கூடத்தாலை வரச்சொல்லியிருக்கினம், தனக்கு லீவில்லை, நீங்கள் போங்கோ எண்டா.

அடுத்தநாள் போனன். வகுப்பு ரீச்சர் றோஸியிட்டை நான்தான் தகப்பன் எண்டதும் அவ கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. உங்களை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டுதெண்டல்லோ பிள்ளை சொன்னவ, ஆறுமாதமாய் நாப்பது பிள்ளையளும் காலமைச் செபத்திலை உங்களுக்காக மன்றாடுதுகள் எண்டா. ஸமீமா செய்த பிழை, தங்கச்சி கொண்டுபோய்க் காட்டின படத்திலை என்னைப் பார்த்து வைச்சிட்டு, உன்ரை அப்பாவை பஸ்ஸிலை கண்டனான் எண்டு சந்தோசமாய்ச் சொன்னதுதான். தங்கச்சியைக் கூப்பிட்டு ஏன் அப்பிடிச் சொன்னனி எண்டு கேட்டன். பன்ரண்டு வயசுப் பிள்ளை, அழவுமில்லை. பிரிஞ்சிட்டினம் எண்டால் ஏன் எண்டு கேப்பினம் அப்பா, பிடிச்சிட்டினம் எண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம் எண்டாள். ரீச்சர் நல்ல மனுசி, அப்ப அப்பாவை விட்டிட்டினம் எண்டு வகுப்பிலை சொல்லுவமோ எண்டு கேட்டா. தங்கச்சி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, விட்டால் வீட்டையெல்லோ வரவேணும் எண்டாள்.

இண்டைக்கு அம்மாவும் லீவு போட்டு, ரெண்டுபேருமாய்ப் போனனாங்கள். தங்கச்சி ஸமீமாவிட்டை மன்னிப்புக் கேட்டாள். உள்ளதை உள்ளபடி வகுப்புக்குச் சொல்லச் சொல்லி ரீச்சரிட்டைச் சொல்லிப்போட்டு வந்திட்டம். நாளைக்கு அதுகள் அவளை என்ன கேக்குங்களோ எண்டதுதான் இப்ப மனதுக்கை ஓடுது. நீயும் அங்கை விசாரிக்கிற ஆக்களுக்கு என்னைப் பற்றி என்ன சொல்லுறனி எண்டு பஸ்ஸிலை வரேக்கை யோசிச்சனான். அதை எழுதவேண்டாம் பிள்ளை.

நீங்கள் ரெண்டுபேரும் ஒரு குறையுமில்லாமல் நீடு வாழவேணும். தங்கச்சிக்கு மறக்காமல் வேறையாய் ஒரு காயிதம் போடு, புத்திமதி ஒண்டும் எழுதாதை.

உன்னை நினைச்சபடி இருக்கும்
அப்பா
க. நாகேந்திரம்