முனிக்கு நேர்ந்த சேவல்

1997 செப். 18, வியாழன்

விடியக்காலையிலிருந்து மழை. சர்ச் மேசைத்துணி இன்னும் காயல. அடுப்புக்கு மேல கொடி கட்டிப் போட்டாச்சு. ஞாயித்துக்கிழம அறுப்பின் பண்டிகை, துணி புகை நாத்தம் அடிக்கப்போகுது.

வாங்க: சவுக்காரம், மெழுகுதிரி, எங்க வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

பிள்ளைக்காம்பராவுல நான் பாத்துக்கிற பிள்ளைங்கள்ல ரெண்டுக்குச் சளி. கவிதா நல்லா ஓடித்திரியிறா. போன மாசம் வலிப்பு வந்து என் மடியில கண்ணு சொருகிக் கிடந்த பிள்ள. நானும் உபதேசியாரும் ஜெபம் பண்ணினோம். அதுலருந்துதான் அவ அம்மா லெச்சுமி சர்ச்சுக்கு வர்றா. லயத்துல எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா. அவ புருஷனுக்குக் கொழும்புல கடையில வேல. அவ மாமியார் என் முகத்தையே பாக்குறதில்ல. லெச்சுமி ஞானஸ்நானம் வரைக்கும் வந்திடணும் ஆண்டவரே. வேற ஒன்னும் கேக்கல.

சாயந்தரம் தேயிலைக் கொழுந்து நிறுத்துக் குடுத்துட்டு நேரா சர்ச்சுக்கு வந்தா, கக்கத்துல சேவல். செவலை, நல்ல கனம். "அக்கா, பண்டிகை ஏலத்துக்கு இத குடுக்கட்டுமா?" சந்தோசமா கைய நீட்டினேன். அப்புறம் அவளே சொன்னா: "பிள்ள சுகமானா முனியாண்டிக்கு வெட்டுறேன்னு நேர்ந்திருந்தேன். சுகமாக்குனது உங்க சாமிதானே. அவருக்குத்தானே சேரணும்."

நீட்டின கை அப்படியே நின்னுச்சு.

உப. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். "நேர்ந்து விட்டதா? அது ஆகாதும்மா. ஒரு பூசணிக்கா குடு, போதும்."

"அப்ப இத என்ன செய்றதுங்க?"

உப. பாட்டுப் பொஸ்தகத்த அடுக்கப் போயிட்டார். லெச்சுமி சேவலத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. அங்க மாமியார் சத்தம், செவுத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும்: "முனிக்கு உள்ளத வேற இடத்துக்குக் குடுக்கப் போனியா? பிள்ளைக்கு ஏதாவது ஆகட்டும், அப்ப தெரியும்."

அப்புறம் தண்ணி பிடிக்கிற இடத்துல லெச்சுமி சொன்னா: "ஞாயித்துக்கிழம நான் வரலக்கா. ஆகாதுன்னுட்டாங்கல்ல." உப. மேல எனக்கு மூக்குக்கு மேல கோவம்.

செப். 20, சனி

கொஞ்சம் வெயில். துணி காஞ்சுச்சு, நாத்தம் போகல. சர்ச் வாசல்ல லீக்ஸ், முட்டைக்கோவா, கரட், ஒரு தட்டு முட்ட. யாரோ போத்தல்ல ஊறுகா.

போதகருக்கு அஞ்சு சர்ச், மாசத்துல ஒருதரம்தான் இங்க. ரயில் கோச்சி தாமதம், நனைஞ்சுக்கிட்டு வந்தார். உப. வீட்டுல தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே சேவல ஏலத்துல விடலாமான்னு கேட்டுட்டேன்.

உப.: "விக்கிரகத்துக்கு நேர்ந்ததுங்க ஐயா. பலவீனமான விசுவாசிங்க இடறிப்போவாங்க. பவுலே வேதத்துல சொல்லியிருக்கார்."

போதகர்: "பலவீனமானவங்க யாரு? அந்தப் பொண்ணா?"

உப. தேத்தண்ணிய ஊதிக் குடிச்சார். போதகரே சொன்னார்:

"அவளுக்கு முனியப் பாத்து பயம் இல்ல போலருக்கே. பயம் நமக்குத்தான். ஏலத்துல விடுங்க. யாராவது எடுப்பீங்களா?"

உப. கூரையப் பாத்தார். நான் எடுக்கிறேன்னு சொல்லிட்டேன். விக்கிரகம் ஒன்னுமில்லன்னு ஞாயிறு பள்ளியில வருஷக்கணக்கா சொல்லிக்குடுக்கிறவ. வீடு வரைக்கும் என்னைய நானே மெச்சிக்கிட்டு வந்தேன். லெச்சுமிகிட்ட சொன்னதும் சிரிச்சா. நாளைக்கு வருவா.

செப். 21, ஞாயிறு

தூறல். சர்ச் நெறைய ஆளுங்க. சேவல் வெளியில மணிக்குக் கீழ கட்டிக் கெடந்துச்சு, பாவ அறிக்கை சொல்லும்போது கூவுச்சு. பிள்ளைங்க சிரிச்சதுங்க. உப. முறைச்சார்.

ஏலம். பூசணிக்காவுக்குப் போட்டி. ஊறுகாவுக்குக்கூடப் போட்டி. சேவல் வந்ததும் அத்தன பேரும் குனிஞ்சு பாட்டுப் பொஸ்தகத்தப் பொரட்டுறாங்க. கைய தூக்கினேன். எதுத்துக் கேக்க ஆள் இல்ல. பின்னால கவிதாவத் தூக்கிக்கிட்டு லெச்சுமி.

அவளே அறுத்துக் குடுத்தா, நான் ஆக்கினேன். தாயும் மகளும் எங்க காம்பராவுலதான் சாப்பாடு. மாமியார் வரல. எங்க வீட்டுக்காரர் வயிறு சரியில்லன்னார். கோழிக்கறின்னா ஹட்டன் டவுன் வரைக்கும் நடந்து போற மனுஷன்.

எனக்கும் கறிக்குக் கை போகல. ஆத்தோரத்து முனியாண்டி கல்லுதான் ஞாபகம். சின்னதுல கண்ண மூடிக்கிட்டு அதத் தாண்டி ஓடுவேன். மூணு தலமுறை கிறிஸ்தவக் குடும்பம் எங்களது. கொழம்ப மட்டும் ஊத்திக்கிட்டேன். லெச்சுமி சேவல் காலப் பிள்ளைக்குக் குடுத்தா, தானும் நல்லா சாப்பிட்டா. என் சோத்துக் கோப்பையப் பாத்தா.

"பயமா இருக்காக்கா?"

பல்லு வலின்னேன். பொய். அதுவும் சர்ச்சுல ராப்போஜனம் எடுத்த நாள்ல.

செப். 22, திங்கள்

மழை. பிள்ளைக்காம்பராவுல சும்மா சும்மா கவிதா நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சூடு இல்ல. வெக்கமா இருக்கு. தொடாமலும் இருக்க முடியல.

உப. வந்தார். லெச்சுமி ஞானஸ்நான வகுப்புக்குப் பேர் குடுத்திட்டாளாம். "நீயே எடு, அவளுக்கு உன்னத்தான் பிடிக்கும்." மொதப் பாடம்: தேவன் ஒருவரே, வேற எதுக்கும் பயப்படக்கூடாது.

மேசைத்துணி திரும்பத் துவைக்கணும்.

இப்பதான் லெச்சுமி வந்துட்டுப் போறா. நேத்து அவகிட்டக் குடுத்துவிட்ட மிச்சக் கறிய சூடு பண்ணி, சின்னக் கோப்பையில. "பல்லு வலி போச்சாக்கா?" போச்சுன்னேன். ஒரு துண்டு எடுத்து வாயில போட்டேன். நான் முழுங்குற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போனா.