பச்சை பல்பு

தம்பி,

இன்று காலை உன் சால்டரிங் அயர்னை எடுத்துச் சூடேற்றினேன். ஈயமும் பிசினும் கருகும் வாசம் எழுந்ததும், நீ பனியனோடு பின்கட்டில் குந்தியிருப்பதுபோலவே இருந்தது. வாசல் நிலையில் நீ வைத்த சுவிட்சில் ஒயர் விட்டுப்போயிருந்தது. எலக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொன்னாள் என் மகள். உன் கூடப் பிறந்தவள் இருக்கும்போது எலக்ட்ரீசியன் எதற்கு? நானே பற்றவைத்தேன்.

வீட்டில் யாருக்கு என்ன குறை என்று பார்த்து அதற்கொரு மிஷின் செய்யாவிட்டால் உனக்குச் சோறு இறங்காது. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கூவும் குருவி பெல் எனக்குச் செய்து கொடுத்தாய். அது தொட்டி நிறைந்தாலும் கூவும், சாரல் பட்டாலும் கூவும். கேட்டால், “மழை வந்தாலும் சொல்லுதுல்லக்கா? கொடியில கெடக்க துணிய எடு” என்பாய். உன் வாயை யார் ஜெயிப்பது!

அப்பாவுக்குச் செய்ததுதான் பெரிது. அவருக்குக் காது அறவே கேட்காது. நான் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற நாளெல்லாம், வேன் வந்து நான் இறங்கும்வரை தெருமுனையிலேயே நிற்பார். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், வேலை முடிந்ததும் கேட்டுக்கு வெளியே கடையிலிருந்த காசு போனில் வீட்டுக்கு அடிப்பேன். வீட்டுப் போன் மணியடித்தால் கட்டிலுக்கு மேலே பச்சை பல்பு எரிவதுபோல் செய்தாய். பல்பு எரிந்தால் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று அப்பாவுக்குச் சைகையில் சொல்லிக் கொடுத்தாய். அதன்பின் அவர் தெருமுனைக்குப் போகவில்லை.

ஒரு தீபாவளி சீசனில், மத்தியானம், எங்கள் பக்கம் வெடித்தது. வெடித்தது அடுத்த கம்பெனி என்று ஊருக்கு எப்படித் தெரியும்? ரோட்டை மறித்துவிட்டதால் என்னால் போனை நெருங்க முடியவில்லை. அச்சாபீசில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த நீ சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தாய். அப்பா சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

“ஏலே, எதுக்கு இப்பிடி ஓடியார? ஒங்கக்கா திரும்பத் திரும்பச் சொல்லிட்டாள்ல!”

பல்பு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. நீ போனை எடுத்தாய். விருதுநகரிலிருந்து சித்தி. “அவ வந்துட்டாளாய்யா?” என்று அழுகை. அதற்கு முன் எரிந்ததெல்லாமும் இப்படிப் பதறிப்போய்ச் சொந்தக்காரர்கள் அடித்ததுதான்.

அப்பாவிடம் நீ சொல்லவில்லை. அவர் போட்டுக் கொடுத்த சோற்றை எதிரில் உட்கார்ந்து தின்றாயாம், சிரித்த முகத்தோடு. பொழுது சாய நான் வந்து இறங்கியபோது என் கையைப் பிடித்தவன் விடவேயில்லை. “பல்பு பொய் சொல்லிருச்சுக்கா” என்றாய். நீ அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாளே போனிலிருந்து போன ஒயரைப் பிடுங்கிவிட்டு, வாசல் நிலையில் சுவிட்ச் வைத்தாய். வெடிமருந்து ஷெட்டுக்குள் நுழையுமுன், பொறி தட்டாமலிருக்க, வாசலிலுள்ள செம்புத் தகட்டில் கை வைத்து உடம்பு மின்சாரத்தை இறக்குவோம் என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்தாய். “அங்கன தகட்டத் தொட்டுட்டுத்தான உள்ள போற? இங்கன இதத் தொட்டுட்டு வா. நீ வந்து நின்னாத்தான் எரியும்.” பல்பு இப்போதெல்லாம் பிந்தி எரிகிறதே என்று மட்டும் அப்பா கேட்டார். கடைசிவரை அவருக்கு வேறெதுவும் தெரியாது.

அவர் போனார், சரி, வயது. உனக்கு என்னடா அவசரம்? மஞ்சள்காமாலைக்குப் பத்தியம் இருக்கச் சொன்னால் கேட்டாயா? இந்தக் கோபம் எனக்கு ஆறாது.

எனக்கும் இப்போது காது மந்தம். பல்பை அடுப்படிக்கு மாற்றிவிட்டேன். மகள் சூலக்கரையில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். “அதான் செல்போன் இருக்குல்லம்மா, பஸ் ஏறுனதும் மெசேஜ் போடுதேன்” என்கிறாள். போடு தாயி, ஆனால் வாசலில் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஒயர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. அவள் கையால் எரியட்டும் என்று விட்டுவைத்தேன். இந்த வரியை எழுதும்போது அடுப்படிச் சுவரெல்லாம் பச்சை. பிள்ளை வந்துவிட்டாள், தம்பி.