நுரை வராத கேன்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். உங்கள்மேல் இன்னும் கோபம்தான். சாப்பிடாமல் கிடந்தால் இன்னும் கூடும்.

பாப்பா போனபிறகு நமக்கு மிஞ்சியது அந்தத் தலையணை உறையில் இருந்த அவள் தலையெண்ணெய் வாசம்தான். டீ கொட்டிய இடத்தை மட்டும் அலசியிருக்கலாம்; நான் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த கேன் திரவத்தில் உறை முழுவதையும் முக்கிவிட்டீர்கள். "நுரையே வராததுதானே, லேசா அலசும்னு நெனச்சேன்" என்றீர்கள். ஃபேக்டரியில் அதைக் கலக்குகிறவள் நான், என்னைக் கேட்டிருக்கலாம்.

நம் சோப்புப் பவுடர் பொங்கப் பொங்க நுரைக்கும். ஆனால் அதற்கு மின்னூட்டம் உண்டு; நம் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொண்டு பாதி வேலையை விட்டுவிடும். கேனில் இருப்பதற்கு மின்னூட்டமே கிடையாது. சுண்ணாம்பைச் சட்டை செய்யாமல், பச்சைத் தண்ணீரிலேயே எண்ணெயைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய்விடும். சத்தமே இல்லாமல்.

வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

பி.கு. காலையில் அந்த உறையை நீங்கள் முகர்ந்து பார்த்ததைக் கண்டேன். அப்புறம் நானும் முகர்ந்தேன். அவ்வளவு சுத்தம்.

இன்னொன்று. அவள் சீப்பில் கொஞ்சம் வாசம் ஒட்டியிருக்கிறது. உங்கள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். துடைக்கக்கூட வேண்டாம்.